சேர்க்கை நடைபெறுகிறது

திருச்செங்கோட்டில் ஒரு காரியம் நடந்தது என்பதற்கு ஃபிளக்ஸ்தான் சாட்சி. காது குத்தினால் ஃபிளக்ஸ், ரிக் வண்டி வாங்கினால் ஃபிளக்ஸ், வாங்கிய வண்டி போர்வெல் போட சத்தீஸ்கருக்குப் புறப்பட்டால் அதற்கும் தனியாக ஒன்று. ஃபிளக்ஸ் வைக்காமல் ஒருவன் கல்யாணம் பண்ணிக்கொண்டால் ஊர்க்காரர்கள் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாளைக்கு விருந்தாளியாகத்தான் நினைப்பார்கள். இந்தப் பழக்கம் இல்லாத ஊராக இருந்திருந்தால் அங்கமுத்துவுக்கு இவ்வளவு பாடு வந்திருக்காது.

அங்கமுத்து ஒரு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரன். நாற்பத்திரண்டு வயது. பாறையைப் பார்த்தால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சொல்லிவிடுவான். மனுசனைப் பார்த்து எதுவும் சொல்லத் தெரியாது. மனைவி உஷாராணி எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். அந்தச் சான்றிதழ்கள் பதினோரு வருசமாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் சுகமாக இருந்தன. ஒரே மகள் ஜீவா, ஒன்பது வயது.

ஊரெல்லாம் செய்கிறார்களே என்று ஜீவாவை நாமக்கல் பக்கம் ஒரு பெரிய விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பள்ளியின் பேர் நமக்கு வேண்டாம், அப்புறம் அவர்கள் அதையும் விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்கள். பொங்கல் லீவுக்கு வந்த பிள்ளை விடிகாலை நாலரைக்கே எழுந்து பல் தேய்த்துக் கட்டில் ஓரமாக நின்றது. தண்ணீர் குடிக்கக் கை தூக்கியது. சோற்றை நாலு நிமிசத்தில் தின்றுவிட்டு, தட்டோடு எந்த வரிசையில் நிற்பது என்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தது. குக்கர் முதல் விசில் அடித்ததும் விறைப்பாக எழுந்து நின்றது, மூன்றாவது விசிலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டது. உஷாராணி அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

லீவு முடிந்து விடுதிக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பிள்ளைக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டார், இறங்கவில்லை. அங்கமுத்து விடுதிப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டான். அரை மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. இதை டாக்டரிடம் சொன்னபோது அவர், தன் வீட்டிலும் ஒரு பரண் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"நானே சொல்லித் தாரேனுங்க," என்றாள் உஷாராணி. "நீங்க அந்தச் சாமான் ரூமை மட்டும் ஒழிச்சுக் குடுங்க. எம் பிள்ளை இனி எங்கீமு போகாது."

சாமான் ரூம் என்பது ரிக் வண்டியின் பழைய துளை பிட்டுகள், ஓஸ் பைப்புகள், கிரீஸ் டப்பாக்கள் எல்லாம் ஓய்வெடுக்கும் இடம். இரண்டு நாளில் அதை ஒழித்தார்கள். ஒரு சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார்கள், ஜீவா கேட்ட நிறம். அவள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை, எட்டுகிற உயரத்தில் அலமாரி, சன்னலோரம் மெத்தை போட்ட ஒரு மூலை. பலகைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க ஓர் உலக வரைபடம். அதில் அப்பாவின் வண்டி போன ஊர்களுக்கெல்லாம் ஜீவா பொட்டு ஒட்டினாள். இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அங்கமுத்துவுக்கு மனசு நிறைந்துபோனது. நிறைந்த மனசோடு சும்மா இருந்திருக்கலாம். ரிக்காரனால் அது முடியுமா? புதுசாக ஒன்று வந்தால் பூசணிக்காய் உடைக்க வேண்டும், நாலு பேருக்குச் சொல்ல வேண்டும், ஃபிளக்ஸ் வைக்க வேண்டும்.

உஷாராணியின் தம்பி சின்னண்ணன் ஃபிளக்ஸ் கடை வைத்திருந்தான். அக்கா பிள்ளைக்கு இல்லாத ஃபிளக்ஸா என்று பத்துக்கு எட்டில் ஒன்று அடித்துக்கொண்டுவந்து சங்ககிரி ரோட்டு முக்கில் கட்டிவிட்டான். போன வருசம் ஏதோ ஒரு பள்ளிக்கு அடித்த டிசைன் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது, பேரையும் படத்தையும் மட்டும் மாற்றியிருந்தான். 'ஜீவா கல்விக்கூடம் - திறப்பு விழா' என்று மேலே. நடுவில் பட்டமளிப்புத் தொப்பி போட்ட ஜீவா. இரு பக்கமும் கைகூப்பிய அங்கமுத்துவும், கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னண்ணனும். கீழே கொட்டை எழுத்தில்: 'எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை சேர்க்கை நடைபெறுகிறது. விடுதி வசதி உண்டு. வாகன வசதி உண்டு.'

கீழே இருப்பதை ஏன் எடுக்கவில்லை என்று அங்கமுத்து கேட்டான்.

"எடுத்தா அந்த எடம் காலியாத் தெரியும் மாமா," என்றான் சின்னண்ணன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பூசை முடிந்தது, ஊர்க்காரர்கள் கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த ஒரு மாதம் அந்த வீட்டில் நடந்தது ஆனந்தம். தோசை மாவை அளந்து ஜீவா பின்னம் கற்றுக்கொண்டாள். அங்கமுத்து வேலை செய்யும் இடத்திலிருந்து போனில் "நானூத்தி இருவது அடி சாமி, இன்னும் புழுதிதான் வருது" என்பான், அவள் பலகையில் பாறையை அடி அடியாக வரைந்துகொண்டே போவாள். தண்ணீர் வந்தது என்றதும் நீலச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கத்துவாள். குக்கர் விசிலடித்தால் இப்போது அவள் எண்ணுவதோடு சரி, எழுந்து நிற்பதில்லை.

அப்புறம்தான் கௌதமன் வந்தார். 'அனுமதியற்ற கற்பிப்பிடங்கள் கண்காணிப்புப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் இருப்பது அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கௌதமன் அதில் ஆய்வாளர். கூடவே அளக்கிற டேப்போடு வேலுமணி என்ற உதவியாளர். கௌதமன் வாசலில் நின்று தாளாளர் யார் என்று கேட்டார். அந்தப் பேரில் இந்தத் தெருவில் யாரும் இல்லையே என்று அங்கமுத்து வருத்தப்பட்டான். கௌதமன் தன் போனில் ஃபிளக்ஸின் படத்தை எடுத்து, கைகூப்பிய உருவத்தையும் எதிரே நிற்கும் உருவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "நீங்கதான்," என்றார்.

"பள்ளிக்கூடமெல்லாம் இல்லீங்க. எம் பொண்ணு படிக்கற ரூமுங்க இது."

"எத்தனை பேருங்கிறது விஷயம் இல்லை சார். படிப்பு நடக்குதா?"

"நடக்குதுங்க."

"புரியுதா பாப்பாவுக்கு?"

"நல்லாவே புரியுதுங்க."

'கற்றல் நடைபெறுவதை உரிமையாளர் ஒப்புக்கொண்டார்' என்று கௌதமன் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். தன் பொறுப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள் இருக்கின்றனவாம். எத்தனையோ புகார் வந்திருக்கிறதாம். ஆனால் இந்த ஒரு குற்றச்சாட்டு எந்தப் பள்ளியின்மேலும் இதுவரை வந்ததில்லையாம்.

நோட்டீசில் இரண்டே வழி. ஒன்று, பதினைந்து நாளில் கல்விக்கூடத்தை மூடி, விடுதி வசதி உண்டு என்று விளம்பரம் செய்திருப்பதால் மாணவியை அங்கீகாரம் பெற்ற விடுதிப் பள்ளி ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். பட்டியலில் முதல் பேர் அந்தப் பழைய பள்ளி. இரண்டு, முறைப்படி அங்கீகாரம் வாங்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்ட ஜீவாவுக்குப் பொழுது சாய்வதற்குள் உடம்பு கொதித்தது. அங்கமுத்து அங்கீகாரமே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான். ஆயிரம் அடி பாறையைத் துளைத்தவனுக்கு அறுபத்துநாலு பக்க விண்ணப்பம் ஒரு பொருட்டா என்று நினைத்தான் பாவம்.

முதலில் மைதானம். வீட்டை ஒட்டி ரிக் வண்டி நிற்கும் காலி மனையை வேலுமணி அளந்து பார்த்துப் போதும் என்றார். வண்டி ரோட்டுக்குப் போனது. மனையைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வேலி கட்டி, பூட்டும் போட்டார்கள். ஆய்வு முடிகிறவரைக்கும் கோடு அழியக்கூடாது. ஜீவா அதில் ஓடலாமா என்று அங்கமுத்து கேட்டதற்கு, மைதானம் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்றார் கௌதமன்.

பிறகு கழிப்பறை. வீட்டில் இருந்த ஒன்று 'மாணவியர்' ஆனது. மாணவர்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு ஒன்று புதிதாகக் கட்டினார்கள். பையன்களே இல்லையே என்றான் அங்கமுத்து. பையன்கள் வராமல் போனதற்கு அது காரணமாகிவிடக்கூடாது என்றார் கௌதமன். அங்கமுத்து எந்தக் கழிப்பறைக்குப் போவது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்தான்.

வாகன வசதி உண்டு என்று விளம்பரத்தில் இருந்ததால் வாகனத்தைக் காட்டச் சொன்னார்கள். வீட்டில் இருந்தது ஒரு மொபெட். அதற்கு முழுக்க மஞ்சள் அடித்து, முன்னும் பின்னும் 'பள்ளி வாகனம்' என்று எழுதினார்கள். அவசர வழி எங்கே என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. கௌதமன் அந்த மொபெட்டைப் பத்து நிமிசம் சுற்றிவந்து, குனிந்து, நிமிர்ந்து, கடைசியில் எழுதினார்: 'வாகனம் முழுவதும் அவசர வழியாக உள்ளது. பாதுகாப்பு திருப்தி.' ஓட்டுநர் காக்கி உடுத்த வேண்டும், பள்ளி வாகனத்தில் காய்கறி ஏற்றக்கூடாது. அதனால் அங்கமுத்து காக்கிச் சட்டையோடு டவுன் பஸ் ஏறிச் சந்தைக்குப் போனான். பயணிகள் அவனிடம் சில்லறை கேட்டார்கள்.

தலைமையாசிரியை சமைக்கக்கூடாது என்றொரு விதி. உஷாராணிதான் தலைமையாசிரியை. ஆகவே அங்கமுத்து சமையல்காரனும் ஆனான். அவனுக்கு நோய் இல்லை என்று சான்று, நகம் வெட்டியதற்குச் சான்று, வாரப் பட்டியல் சுவரில். செவ்வாய் என்றால் புளிச்சோறு, புதன் என்றால் உப்புமா. ஒரு புதன்கிழமை ஜீவா தோசை கேட்டாள். பட்டியலை மாற்ற எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குள் அடுத்த புதன்கிழமை வந்துவிடும் என்று அங்கமுத்து அவளுக்கு விளக்கினான். விளக்கும்போது தன் குரல் கௌதமன் குரல் மாதிரியே இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நாலு பேராவது வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் பெற்றோர் இருவர், தாளாளர் ஒருவர், தலைமையாசிரியை ஒருவர் என்று பதவிகளை எண்ணினால் நாலு சரியாக வந்தது. முதல் கூட்டத்தில் பெற்றோர் அங்கமுத்து எழுந்து, பிள்ளைக்குச் சோறு ஆறிப்போய்ப் போடுகிறார்கள் என்று புகார் சொன்னான். தாளாளர் அங்கமுத்து உட்கார்ந்து, உடனே கவனிக்கப்படும் என்று உறுதி சொன்னான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கௌதமன் நோட்டைப் படித்து நெகிழ்ந்துபோனார். பல பள்ளிகளில் பெற்றோரும் தாளாளரும் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லையாம்.

வேலை நேரத்தில் பெற்றோர் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது இன்னொன்று. ஒருநாள் வேலுமணி பதிவேடு பார்க்க வந்திருந்த நேரம், ஜீவா படியில் தடுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அங்கமுத்து கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தான். வேலுமணி டேப்பை நீட்டி மறித்து, எந்த வகையில் உள்ளே வருகிறீர்கள் என்று கேட்டார். பெற்றோர் என்றால் அனுமதி இல்லை, ஓட்டுநர் என்றால் வண்டியோடு வர வேண்டும். சமையல்காரன் என்று சொல்லி அங்கமுத்து உள்ளே போய் மகளுக்கு மஞ்சள் பற்றுப் போட்டான்.

இதற்கிடையில் படிப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது நின்றுபோயிருந்தது. உஷாராணிக்குப் பதினேழு பதிவேடு எழுதவே பொழுது சரியாக இருந்தது. ஜீவாவுக்கு ஒருநாள் சளி பிடித்தது, வருகைப் பதிவேட்டில் பூச்சியம் விழுந்தது. மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து தபால்: 'ஒரே நாளில் நூறு சதவீத மாணவர்கள் கூட்டாக விடுப்பு எடுத்தது ஏன்? போராட்டம் ஏதும் நடந்ததா? தூண்டியவர் யார்?' இஞ்சிச் சாறு கொடுக்காமல் விட்டவள் தான்தான் என்று தலைமையாசிரியை விளக்கக் கடிதம் எழுதினாள்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்கச் சேலத்திலிருந்து மேலதிகாரி ஹெலன் மேடம் வந்தார். அயோத்தியாப்பட்டணத்துக்காரர். அன்பான முகம். ஜீவாவின் தலையைத் தடவிக்கொண்டே, இந்தப் பிள்ளை எங்கே தங்குகிறது என்று விசாரித்தார். இங்கேயேதானுங்க என்றான் அங்கமுத்து, வேறெங்கே தங்கும் என்கிற மாதிரி.

"அப்ப விளம்பரத்துல போட்ட விடுதி இதுதான்," என்றார் ஹெலன் மேடம். "பெண்கள் விடுதி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆம்பளைங்க யாரும் உள்ள இருக்கக்கூடாது சார். பெற்றோர் பார்க்கிறதுக்கு மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ரெண்டுலேருந்து நாலு மணி வரைக்கும்."

அன்றிலிருந்து அங்கமுத்து ரோட்டில் நின்ற ரிக் வண்டியின் கேபினில் படுத்தான். சத்தீஸ்கரில் ஆறு மாசம் அதில் படுத்தவன்தான், பழக்கம் உண்டு. ஆனால் சொந்த வீட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டே படுப்பது அங்கே கிடையாது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பூவும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு மகளைப் பார்த்தான். இரண்டு பேரும் நாலு மணிவரை பிஸ்கட்டைத் தின்றார்கள்.

சித்திரையில் அங்கீகாரம் வந்தது. வெறுமனே தபாலில் வருமா? விழா வைத்துத்தான் கொடுப்பார்கள். சாமியானா, ஒலிபெருக்கி, குத்துவிளக்கு. தெருவே கூடியது. ஹெலன் மேடம் மைக்கைப் பிடித்தார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ். ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடம் பார்த்திருக்கேன். ஒரு குழந்தை என்ன கத்துக்குதுன்னு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்க ஆரம்பிச்சா ஃபைல் நகராது. கதவோட அகலத்தைப் பார்ப்பேன், வாளியில மணல் இருக்கான்னு பார்ப்பேன். என் பிள்ளைங்க ரெண்டு பேரும் படிச்சதுகூட எந்த ஸ்கூல்னு எனக்கு ஞாபகம் இல்லை, ஆனா அந்த ஸ்கூல் மாடிப்படிக்கு எத்தனை அங்குலம் உயரம்னு இப்பவும் சொல்லுவேன். அந்த வகையில இந்த நிறுவனம் எனக்கு மனநிறைவு. இங்க எல்லாம் இருக்கு."

கைதட்டல் அடங்குமுன் தெருக்காரர்கள் அங்கமுத்துவை மொய்த்துக்கொண்டார்கள். விடுதியும் உண்டா, எத்தனை மணிக்கு எழுப்புவீர்கள், நாலு மணிக்கு எழுப்பினால் நல்லது, எங்க பையன் நாலரைக்கெல்லாம் அடங்க மாட்டான். ஒருவர் தன் மகனை அங்கேயே கையோடு விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். அங்கமுத்துவின் கழுத்தில் மாலை. உண்மையைச் சொல்ல வேண்டும், அவனுக்கு அது பிடித்திருந்தது. மாடியில் இன்னொரு தளம் போட்டால் நாற்பது கட்டில் போடலாமா என்று அவன் கண் மேலே போனது.

அந்தக் கண் இறங்கி வரும்போது ஜீவா படியில் உட்கார்ந்து ஒரு கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாலை போட்டிருந்ததால் குனிய முடியவில்லை. நின்றபடியே, "இது டைம் டேபிள்ல இல்லையே பாப்பா," என்றார். குழந்தையை அவன் பாப்பா என்று கூப்பிட்டதே கிடையாது, சாமி என்றுதான் கூப்பிடுவான்.

ஜீவா புத்தகத்தை மூடி வைத்தாள். எழுந்தாள். கை இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"சார்," என்றாள். பிறகு, யாரிடம் கேட்பது என்று தெரியாதவளாக அவன் முகத்தையே பார்த்து, "ஊட்டுக்குப் போலாங்களா?" என்று கேட்டாள்.

அவள் நின்றுகொண்டிருந்தது அவன் வீட்டுப் படி. அவன் கட்டிய படி. தளத்துக்கு அவனே தண்ணீர் ஊற்றினான். அங்கமுத்து அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டான். ஒலிபெருக்கி அதையும் தெருவுக்குச் சொன்னது. தாளாளர் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார் என்று வேலுமணி மைக்கில் அறிவித்தார்.

மறுநாள் காலையிலேயே கௌதமனிடம் போய், பள்ளியை மூடிவிடுகிறேன் என்றான். கௌதமனுக்கு அதிர்ச்சி. அங்கீகாரம் பெற்ற பள்ளியை மூடுவதா? மூடலாம், ஆனால் விடுதி மாணவியை வேறொரு விடுதியில் ஒப்படைத்த ரசீது வேண்டும். பட்டியலை எடுத்தார். முதல் பேர் அதேதான். அங்கமுத்து திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டான்.

உஷாராணி பதினேழு பதிவேடுகளையும் விதிப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணக்குப் படித்தவள். மூன்று நாள் படித்தாள். நாலாம் நாள், பள்ளியை மூட வேண்டாம், நாம் வீடு மாறிவிடலாம் என்றாள். அங்கமுத்துவுக்குப் புரியவில்லை.

"பெத்தவங்க குடி மாறுனா டி.சி. குடுத்தே ஆகோணும்னு போட்டிருக்குதுங்க. கேட்டா தலைமையாசிரியை மறுக்கக்கூடாது. தலைமையாசிரியை நாந்தானே. நீங்க வந்து கேளுங்க, நான் குடுக்கறேன்."

அவன் முறைப்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டான். அவள் முறைப்படி ஒருநாள் காக்கவைத்துக் கொடுத்தாள். இரண்டு தெரு தள்ளி, மலையைப் பார்த்த மாதிரி ஒரு வாடகை வீட்டைப் பிடித்தார்கள். ஒரு ரூம், ஒரு சமையலறை, ஒரே ஒரு கழிப்பறை. டி.சி.யை எந்தப் பள்ளியில் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்தாயிற்றா என்று பார்ப்பதுதான் கௌதமனின் வேலை; வாங்கியாயிற்றா என்று பார்ப்பது வேறு செக்‌ஷன், அந்த செக்‌ஷனில் ஆள் போடவில்லை. டி.சி. அரிசிப் பானைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

மாணவரே இல்லாத பள்ளியை இப்போதாவது மூடலாமா என்று அங்கமுத்து மறுபடி கேட்டுப் பார்த்தான். மூடுவதற்கு நடப்பு ஆண்டு மாணவர்களின் பெற்றோர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாணவர் இல்லை, அதனால் பெற்றோர் இல்லை, அதனால் கையெழுத்து இல்லை, அதனால் மூட முடியாது என்று கௌதமன் வரிசையாக விளக்கினார். சேர்க்கைக்கு வந்தவர்களையெல்லாம் இடம் இல்லை என்று அங்கமுத்து திருப்பி அனுப்பினான். அப்படிச் சொன்னதால் பள்ளியின் மதிப்பு ஊரில் இன்னும் ஏறியது. அவன் மட்டும் வாரம் ஒருமுறை போய்க் கூட்டி, மணல் வாளியைத் தூசி தட்டி, கோடு போட்டுவிட்டு வந்தான். சொந்த வீடு போனதில் வருத்தம் இல்லாமலா இருக்கும். ஆனால் வாடகை வீட்டில் அவன் உள்ளே போக யாரும் எந்த வகையில் என்று கேட்கவில்லை. ஜீவா சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆயிரத்து நூறு அடி போரை சாக்பீஸால் வரைந்தாள். தரை போதவில்லை, பக்கத்து ரூமில் கட்டிலுக்கு அடியிலும் வரைந்துகொண்டு போனாள். புதன்கிழமை தோசை.

அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கு விருது அறிவித்தார்கள். மாவட்டத்திலேயே குறைகள் இல்லாத ஒரே பள்ளி. விருது கொடுக்க ஹெலன் மேடமே வந்தார். கௌதமன், வேலுமணி, தாளாளர், மேடத்தோடு சேர்த்து நாலே பேர். பளபளக்கிற காலி வகுப்பறையில் மேடம் பேசினார்.

"ஒரு சத்தம் இல்லை. சுவத்துல ஒரு கிறுக்கல் இல்லை. ஒரு பெஞ்சு ஆடலை, ஒரு குழந்தை அழலை. சேர்ந்த மாணவர்ல ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்தையும் இப்படிக் கொண்டுவரணும்னுதான் சார் நாங்க இவ்வளவு பாடுபடறோம்."

கௌதமனும் வேலுமணியும் கை தட்டினார்கள். அங்கமுத்துவும் தட்டினான். கேடயத்தை வாங்கிக்கொண்டு கிளம்பப் போனவனை, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேடம் நிறுத்தினார். இங்கே ஒரு சின்னப் பெண் இருந்தாளே, அவள் இப்போது எங்கே என்று கேட்டார்.

"ஊட்டுல இருக்குதுங்க மேடம்."

மேடத்தின் பேனா நின்றது. கௌதமன் நிமிர்ந்தார். வேலுமணியின் கை டேப்பைத் தேடியது.

"எந்த வீடு?"

அங்கமுத்து கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"சும்மா ஊடுங்க. ஒரு வசதியும் கெடையாதுங்க."

உண்மையாகவே ஹெலன் மேடத்தின் கண் கலங்கியிருந்தது.

"பாவம், அந்தக் குழந்தை," என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.